வேம்பார்க் கல்லில் ஒன்பதாவது பெயர்: மான்மவுத் ஜங்ஷனிலிருந்து சுகர்லேண்டுக்கு

நியூஜெர்சியில் நிலம் ஆடிய வருஷம் இது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை ஆகவில்லை. மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமை சூரியனை நிலவு மறைத்தது. எங்கள் மான்மவுத் ஜங்ஷனில் முக்கால்வாசிக்கு மேல் மறைந்தது, டெக்சஸில் பல ஊர்களில் முழுசாகவே இருட்டிவிட்டது. அதற்குப் பத்து நாள் கழித்து, ஏப்ரல் பதினெட்டு வியாழனன்று, நான் தனியாக டெக்சஸ் போனேன். எனக்கு வயது எழுபத்தெட்டு. எழுதப் படிக்கத் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன். பெற்றவர்களைத் தனியாக விமானம் ஏற்றிவிடப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு இது உதவும்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் சுகந்தி தட்டச்சு செய்கிறாள். போன வருஷம் சன்னிவேலும் லிவர்மோரும் போய்வந்ததை எழுதியதும் இப்படித்தான். அவள் ஒரு வரியை மாற்றினாலும் எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் சொன்னது சொன்னபடி எனக்கு நினைவிருக்கும். முத்துக்கடலில் இருபது வருஷம் சங்கு குளித்தவன் நான். எழுத்து இல்லாதவனுக்கு நினைவுதான் நோட்டுப்புத்தகம்.

போனதற்குக் காரணம் ஒரு போன். நிலம் ஆடி அடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தூத்துக்குடி மாவட்டத்தில் என் ஊரான வேம்பாரிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டதா என்று ஆச்சரியப்பட்டேன். விஷயம் வேறு. சவரிமுத்து அண்ணனை ஈஸ்டருக்கு மறுநாள் அடக்கம் செய்துவிட்டார்கள். மாதா கெபியை, சுரூபம் வைத்திருக்கும் குகை மாதிரியான சிறு கோயிலை, இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கெபியில் பதித்திருந்த பழைய கல்லின் எழுத்தெல்லாம் உப்புக்காற்றில் தின்றுபோய் வாசிக்க முடியவில்லை. அந்தக் கல்லில் உள்ளவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். "தாத்தா, நீங்கதான் பேரெல்லாம் சொல்லணும். இருபத்திரண்டாந் தேதி ஆசாரி கல்லுல வேலைய ஆரம்பிச்சிருவாரு" என்றான் கமிட்டிச் செயலாளராக இருக்கிற பையன். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கல்லின் கதை இது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டதற்கு அடுத்த வருஷம், ஆவணி மாதம், ஒன்பது பேர் வேம்பாரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பினோம். சவரிமுத்து அண்ணன் தலைவர். எனக்குப் பத்தொன்பது வயது. திரும்பி வந்ததும் கெபி கட்டி, 'வேளாங்கண்ணிக்கு நடந்தே சென்றவர்கள்' என்று கல் வைத்தோம். கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் எழுதிக்கொள்ள, பெயர்களைச் சொன்னவன் நான். ஒன்பது பேர்தானே என்று அவர் கேட்டார். எட்டு என்றேன்.

விட்டது ஒரு பெண்ணை. அவர் கணவர் எனக்கு அண்ணன் முறை, அதனால் எனக்கு மதினி. இருபத்தைந்து வயதுக்குள். வழியில் எந்தக் கோயிலைக் கண்டாலும் வாசலிலேயே விழுந்து ஓவென்று அழுவார். அரை மணி நேரமாவது ஆகும். வேடிக்கை பார்க்க ஊர் கூடிவிடும். கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடாதே என்றோம், பத்தடி பின்னால் வா என்றோம். அழுகுணி என்று பெயர் வைத்தது நான். ஓரியூர்க் கோயில் முற்றத்தில் அவர் படுத்திருந்தபோது, விடிவதற்கு முன்னால் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம். அவர் காலைத் தாண்டித்தான் நான் போக வேண்டியிருந்தது. தாண்டினேன். அவர் எப்படியோ வேளாங்கண்ணி வந்து சேர்ந்திருந்தார், அங்கே கண்டோம், முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பெயரை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

இதெல்லாம் மறக்கவில்லை என்றாலும் பல வருஷம் என்னை ஒன்றும் செய்யவில்லை. கிளப்பிவிட்டவள் இங்கிலாந்துக்காரி ஒருத்தி, அறுநூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்தவள்.

தவக்காலம் முழுவதும் என் முழங்கால் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் சுகந்தி காரில் கூட்டிப்போவாள். ரூட் ஒன்று என்ற நெடுஞ்சாலையில் இருபத்தைந்து நிமிஷம். சுகந்தி கோயம்புத்தூர்க்காரி, சிவன் கோயில் குடும்பம். அவளுடைய தோழிகள் மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசுவார்கள். படிக்க நேரமில்லாமல் அவள் காரில் ஒலிக்க விட்டுக் கேட்பாள், சிக்னலில் நிற்கும்போது எனக்குத் தமிழில் சொல்வாள். "மாமா, இந்தம்மாளுக்கும் உங்களாட்ட எழுதப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா புக்கு எழுதியிருக்காங்க" என்றாள். எப்படியம்மா என்றேன். "நீங்க எழுதறீங்கல்ல, அப்படித்தானுங்க."

துறைமுக ஊர் மேயரின் மகள் அவள். முதல் பிள்ளை பிறந்ததும் புத்தி கலங்கிக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஆண்டவர் ஊதாப் பட்டு உடுத்திக் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, என்னை ஏன் விட்டாய், நான் உன்னை விடவில்லையே என்று கேட்டதாகச் சொல்கிறாள். அத்தோடு தெளிந்துவிட்டாள். ஆனால் உடனே சாமியார் ஆகிவிடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. பீர் காய்ச்சி விற்றாள், நுரை நிற்காமல் தொழில் படுத்தது. குதிரை வைத்து மாவு மில் நடத்தினாள், குதிரை முன்னால் போக மாட்டேன் என்று பின்னால் நடந்தது. பதினான்கு பிள்ளை பெற்ற பிறகு, புருஷனிடம் இனி நாம் அண்ணன் தங்கை மாதிரி என்று சொல்லி, வெள்ளை உடுத்திக்கொண்டு எருசலேமுக்குக் கிளம்பினாள்.

அழுகை அவளுக்கும் இருந்தது. சிலுவையைப் பார்த்தால், ஒருவன் குதிரையை அடிப்பதைப் பார்த்தால், பெண்கள் கையில் ஆண் குழந்தையைப் பார்த்தால் கத்தி அழுவாள். கூட வந்த பயணிகளுக்குத் தாங்கவில்லை. பந்தியில் கடைசியில் உட்கார வைத்தார்கள். வாயைத் திறக்காதே என்றார்கள். பைத்தியக்காரி மாதிரி தெரியட்டும் என்று அங்கியை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கத்தரித்துவிட்டார்கள். பாதி வழியில் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கப்பலில் ஒரு சாமியாரே அவள் படுக்கை விரிப்பை என்னுடையது என்று பிடுங்கிக்கொண்டார். விரிப்பைப் பிடுங்கியதை நாங்கள் செய்யவில்லை. மற்ற எல்லாம் செய்தோம்.

அன்றைக்குப் பயிற்சிக்கு இறங்கும்போது என் கால் வளையவே இல்லை. அப்புறந்தான் வேம்பாரிலிருந்து அந்தப் போன் வந்தது.

மதினி இப்போது டெக்சஸில், ஹூஸ்டனை அடுத்த சுகர்லேண்டில், மகள் ரோஸ்லின் வீட்டில் இருப்பதை என் மகன் இரண்டு வருஷம் முன்பே சொல்லியிருந்தான். ஒரு தடவைகூட நான் போன் செய்யவில்லை. இப்போதும் போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. நாளைக்கே டிக்கெட் போடம்மா என்றேன். கிரகணம் பார்க்கப் போகிற கூட்டத்தால் டிக்கெட் எழுநூற்றுப் பன்னிரண்டு டாலர் சொன்னது. கிரகணம் முடிந்த வாரத்துக்கு அடுத்த வாரம், போய்வர இருநூற்று நாற்பத்தாறு. சூரியன் வெளியே வரும்வரை காத்திருந்தேன்.

வியாழன் காலை ஐந்தரைக்கு வீட்டிலிருந்து கிளம்பி, டர்ன்பைக் என்கிற சுங்கச் சாலையில் எட்டு ஏ நுழைவில் ஏறி, நெவார்க் விமான நிலையம் ஐம்பது நிமிஷம், முப்பத்து நான்கு மைல். சக்கர நாற்காலி டிக்கெட் போடும்போதே கேட்டிருந்தோம். நடக்க முடிந்தாலும் கேளுங்கள். அதில் உட்கார்ந்தவனுக்கு வழி தெரிய வேண்டியதில்லை, தள்ளுகிறவருக்குத் தெரியும். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர் சோதனையில் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்றார்கள். என் பையில் பக்கத்து ஊரான எடிசனில் வாங்கிய நெத்திலிக் கருவாடு இரண்டு பாக்கெட். ஒரு பையன் அதைப் பிரித்துப் பார்த்து, மோந்து பார்த்து, தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அந்தம்மாள் தூரத்திலிருந்தே போ என்று கை காட்டிவிட்டாள்.

எட்டு ஐந்துக்கு விமானம். நான்கு மணி நேரம். டெக்சஸ் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது, அதனால் அங்கே இறங்கும்போது மணி பதினொன்று ஐந்துதான். மதினியிடம் எப்படிச் சொல்வது என்று முழுப் பயணத்திலும் ஒத்திகை பார்த்தேன். எங்கிருந்து தொடங்கினாலும் அந்த எட்டு என்ற சொல்லில் வந்து நின்றது.

ஹூஸ்டனில் சுகந்தி வீட்டிலிருந்தே ஆப்பில் பிடித்துக் கொடுத்த கார். ஓட்டுநர் மலையாளி, ஓய்வு பெற்றவர், கண்ணாடியில் ஜெபமாலை. சுகர்லேண்ட் நாற்பத்து மூன்று மைல், ஒரு மணி பத்து நிமிஷம், அறுபத்தெட்டு டாலர். ஃப்ரீவேயை ஒட்டியே ஓடும் சாலையை இங்கே ஃபீடர் என்கிறார்கள். அதில் ஒரு திருப்பம் தவறினால் மூன்று மைல் போய்ப் பாலத்தடியில் வளைந்து வரவேண்டும். எங்களுக்குத் தவறியது, பேச்சு சுவாரசியத்தில். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். "இவிடே சுகர் மில் இருந்தது அங்கிள். மில் பூட்டியாச்சு. இப்போ சுகர் எல்லாம் ஆள்கள்ட உடம்பிலயா" என்றார். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அறுபது வருஷத்துக்கு முன் வழியில் விட்டுவிட்டு வந்த ஒருவரை என்றேன். இறங்கும்போது பையை வாசல் வரை கொண்டுவந்து வைத்தார்.

கதவைத் திறந்தது மதினியே. எண்பத்து நான்கு வயது, கைத்தடி இல்லை.

"என்னலே தொம்மை, நீ இன்னும் சாவலியா?"

"நீங்க இருக்கும்போது நான் எப்படி மைனி முந்துறது?"

ரோஸ்லின் சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். கருவாட்டைப் பார்த்ததும் மதினி அதை வாங்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்தபோது ரோஸ்லினின் போனில் மருந்து வேளைக்கு வைத்த அலாரம் அடித்தது. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிற அவள் அதை விட்டு எழுந்துவந்து அம்மாவின் கண்ணில் இரண்டு இரண்டு சொட்டு மருந்து விட்டுப் போனாள். கண் காய்ந்துபோகிற வியாதியாம், நாளுக்கு நான்கு வேளை. நான் பார்ப்பதை மதினி பார்த்துவிட்டார். "இருந்ததயெல்லாம் அப்பவே அழுது தீத்துட்டேன்லே. இப்ப எம்மவ கடையில வாங்கி ஊத்துறா" என்றார். ஏன் அப்படி அழுதீர்கள் என்று முதல் தடவையாகக் கேட்டேன். துக்கம் ஒன்றும் இல்லையாம். மாதா முகத்தைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்து வழியுமாம், சந்தோஷமாக இருந்தாலும் அதேதானாம். அடக்கச் சொன்னால் தும்மலை அடக்குகிற மாதிரி வலிக்குமாம்.

நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அந்த இங்கிலாந்துக்காரியின் கதையைத் தொடங்கினேன். குதிரை பின்னால் நடந்ததற்குச் சிரித்தார். புத்தகம் எழுதிய பாட்டை விரிவாகவே சொன்னேன்: அவள் சொல்ல முதலில் ஒருவன் எழுதினான், அவன் செத்துப்போனான், அவன் கையெழுத்து ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு பாதிரியாரிடம் கொண்டுபோனால் அவர் நாலு வருஷம் சாக்குச் சொன்னார். கடைசியில் எடுத்தபோது அவர் கண் மங்கியது, மூக்குக்கண்ணாடி போட்டால் இன்னும் மோசம். அவள் ஜெபம் செய்த பிறகுதான் எழுத்து தெரிந்தது. புத்தகத்தில் அவள் தன்னை நான் என்று சொல்வதில்லை, ஆண்டவர் படைத்த இந்த உயிர் என்றே சொல்லிக்கொள்கிறாள். அப்புறம் அந்தப் புத்தகமும் காணாமல் போய், ஐந்நூறு வருஷம் கழித்து ஒரு வீட்டு அலமாரியில் பந்து தேடியபோது கிடைத்ததாம். பிறகு பயணத்துக்குத் திரும்பினேன். பந்தியில் கடைசியில் உட்கார வைத்ததைச் சொன்னேன். பாதி வழியில் விட்டுவிட்டு, என்று ஆரம்பித்தபோது மதினி கையைத் தூக்கினார்.

"தொம்மை. ஓரியூருக்கு வந்துட்ட. கதைய விடு, நேராச் சொல்லு."

சொன்னேன். "மைனி, கல்லுல உங்க பேரு இல்லாததுக்கு சவரிமுத்து அண்ணன் காரணம் இல்ல. பேரு சொன்னது நான். உபதேசியார் ஒன்பதான்னு கேட்டாரு. எட்டுன்னு சொன்னது நான்."

கோபப்படுவார், அல்லது மன்னிப்பார் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. "சரியாத்தான சொல்லிருக்க" என்றார்.

ஓரியூரில் அவர் விழித்துப் பார்த்தபோது யாரும் இல்லை. தனியாகத் தொண்டி வரை நடந்திருக்கிறார். அங்கே பயம் பிடித்துவிட்டது. ஒரு உப்பு லாரியை நிறுத்தி ஏறி, கட்டுமாவடி வரை போய் இறங்கி, மீதியை நடந்திருக்கிறார். நேர்ந்துகொண்டது நடப்பதாக. லாரி ஏறியதை எங்களில் யாரோ பார்த்துவிட்டார்கள், அதனால்தான் வேளாங்கண்ணியில் முகத்தைத் திருப்பினோம், பெயரை விட்டதும் அதனால்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்திருக்கிறார். தொம்மை நல்லவன், லாரி விஷயத்தை ஊரில் சொல்லாமல் பெயரை மட்டும் விட்டான் என்று எனக்காக ஜெபம்கூடச் செய்திருக்கிறார்.

"அது நடந்தவங்க கல்லுலே. நான் லாரில போனவ. அடுத்த ஆவணில யார்ட்டயும் சொல்லாம பஸ்ஸுல தொண்டி போயி, அங்கேருந்து கட்டுமாவடி வரைக்கும் விட்ட தூரத்த நடந்து முடிச்சேன். ஒன்றரை நாளு ஆச்சு. அதுக்கப்புறந்தான் எனக்கு ஒறக்கமே வந்தது. ஆனா அதுக்குள்ள கல்லு வச்சிட்டீங்க."

நான் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. சங்கு குளிக்கிறவன் முங்குவதற்கு முன் இழுக்கிற மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். முத்துப்பேட்டையில் சவரிமுத்து அண்ணன் கால் வெடித்து ரத்தம் வந்தது. நாங்கள் பஸ் ஏறினோம். திருத்துறைப்பூண்டி வரை, இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டோம். மதினியின் பெயர் கல்லில் இருந்தால் ஊர் அவரிடம் பயணத்தைப் பற்றிக் கேட்கும், ஏன் தனியாக வந்தாய் என்று வரும், அதிலிருந்து நூல் பிடித்து பஸ் வரும். அதனால்தான் எட்டு. நாங்கள் யாரும் அந்த இருபத்தைந்து கிலோமீட்டரைத் திரும்பப் போய் நடக்கவில்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"எட்டுப் பேருமா?"

"எட்டுப் பேரும்."

"உபதேசியார் தங்கச்சி லூர்தம்மாளுமா?"

"அவதான் மொதல்ல ஏறுனா, சீட்டு புடிக்க."

மதினி சிரிக்க ஆரம்பித்தார். மடியில் இருந்த கருவாடு கீழே விழுந்தது. ரோஸ்லின் மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இங்கிலாந்துக்காரியை விட்டுவிட்டுப் போனவர்கள் பெயரெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா?

எனக்குத் தெரியவில்லை. சுகந்திக்குப் போன் போட்டோம். தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இல்லீங்க மாமா. ஒரு சாமியார், கூட வந்தவங்க, இப்படித்தான் இருக்கு. அவங்க பேரு யாருக்கும் தெரியாதுங்க."

மதினி போனை ஓரமாக வைத்தார். "பாவம்லே. எட்டுப் பேரயும் போடு. செத்தவங்க பேர எடுத்துட்டு எம்பேரப் போடுற வேல வேண்டாம்." எல்லோரையும் போட்டால் மேலே இருக்கிற நடந்தே என்ற சொல் பொய்யாகிவிடுமே மைனி என்றேன். "பொய்ன்னா எடு" என்றார். எடுத்த சொல்லை எங்கே வைக்க என்று கேட்டேன். அவர் கருவாட்டைப் பொறுக்கி ரோஸ்லினிடம் கொடுத்து, சாயங்காலம் வறுக்கச் சொன்னார்.

இரண்டு இரவு தங்கினேன். வெள்ளிக்கிழமை அவர்கள் பகுதியில் இருக்கிற குளத்தைச் சுற்றி இருவரும் நடந்தோம், ஒரு மைல். பத்தடி முன்னால் அவர் போனார், பின்னால் நான். சனிக்கிழமை காலை விமானத்தில் கிளம்பி மூன்று மணிக்கு நெவார்க் வந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஏப்ரலில் போனால் சாலையோரம் நீலப் பூ பூத்துக் கிடக்கும், மே வந்தால் வெயில் நம் ஊர் மாதிரி. சுகந்தி ஒரு அட்டையில் என் பெயர், போகிற வீட்டு விலாசம், இவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்று இங்கிலீஷில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தாள். நாலு தடவை காட்டினேன், நாலு தடவையும் வேலை நடந்தது. நாற்காலி தள்ளுகிறவருக்குக் கொடுக்க ஐந்து டாலர் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு தடவை எழுந்து காலை நீட்டுங்கள். ஒருவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் டிக்கெட் விலை குறையும் என்று அதிகம் காத்திராதீர்கள். நான் காத்திருந்த பதிமூன்று நாளில் எங்கள் இருவரில் யாருக்கும் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். பெரிதாக அழுதவர்களைப் பற்றி ஒன்று சொல்வேன். அந்த இங்கிலாந்துக்காரியைப் பொய்க்காரி என்று பலர் சொன்னார்களாம், இப்போதும் சொல்கிறவர்கள் உண்டாம். இருக்கலாம். அவளோடு போன மற்றவர்களும் எருசலேமைப் பார்த்தார்கள். அறுநூறு வருஷம் கழித்து ரூட் ஒன்றில் காரில் கேட்க மிஞ்சியது அவள் பார்த்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வேம்பாருக்குப் போன் போட்டேன். மறுநாள் ஆசாரி வேலை ஆரம்பிக்கிறார். முதலில் பஸ் விஷயத்தைச் சொன்னேன். செயலாளர் பையன், பேனா எடுத்துக்கொண்டேன் தாத்தா என்றான். தலைப்பில் நடந்தே என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னேன். 'வேளாங்கண்ணிக்குச் சென்றவர்கள்' போதும். எடுத்த சொல்லை எறிய வேண்டாம், அது வேண்டும் என்றேன். பிறகு வரிசை மாறாமல் சொன்னேன்.

சவரிமுத்து, இந்த ஈஸ்டரோடு போனவர். மிக்கேல், சுனாமி வருஷம் போனவர். ராயப்பன், அதற்கு மறு வருஷம். பர்னபாஸ், இந்திரா காந்தி அம்மாவைச் சுட்ட வருஷம். குருசும் இருதயமும், கொரோனாவில் ஒரே மாதம். லூர்தம்மாள், ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்ற வருஷம். எட்டாவது தொம்மை, அது நான். இன்னும் ஒன்று இருக்கிறது, எழுது என்றேன். அந்தச் சொல்லை இந்தப் பெயருக்கு முன்னால் போடு.

நடந்தே சென்றவர், இன்றைக்கும் உயிரோடு இருப்பவர், சலேத்தம்மாள்.